செவ்வந்தி: பூவை விற்கலாம், வேரையும் வேலைக்கு விடலாம்

நாங்கள் செவ்வந்தி என்று சொல்லும் பூவைத் தமிழ்நாட்டில் போய்க் கேட்டால் வேறொரு பூவைத்தான் எடுத்துத் தருவார்கள். அங்கே செவ்வந்தி, சாமந்தி என்பதெல்லாம் கிரிசாந்திமம். எங்கள் வீட்டு முற்றங்களில் நிற்கும், இலையைக் கசக்கினால் விரலில் காரமான மணம் ஒட்டிக்கொள்ளும் செம்மஞ்சள் பூவை அவர்கள் செண்டுமல்லி என்றும் துலுக்கச் செவ்வந்தி என்றும் அழைக்கிறார்கள். சிங்களத்தில் அது தாஸ்பெத்தியா. ஆயிரம் இதழ் என்று பொருள்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். வன்னியில் பூச்செய்கை தொடங்க நினைக்கும் பலர் இன்று முதலில் நாடுவது விவசாயப் போதனாசிரியரை அல்ல, யூரியூப்பை. அங்கே செவ்வந்திச் சாகுபடி என்று தேடினால் வருபவற்றில் கணிசமானவை கிரிசாந்திமம் பற்றிய தமிழ்நாட்டுக் காணொளிகள். அது பக்கக்கன்று பிரித்தோ தண்டு வெட்டியோ நடும் பயிர். எங்களுடையது விதையால் வளர்ந்து ஒரு பருவத்தோடு முடிந்துபோவது. இரண்டும் சூரியகாந்திக் குடும்பம்தான். ஆனால் ஒன்றுக்குச் சொன்ன நாட்கணக்கையும் உரக்கணக்கையும் மற்றதற்குப் போட்டால் நட்டம்தான் மிஞ்சும். அதனால் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கட்டுரை தாவரவியலாளர் தாஜெட்டிஸ் இரெக்டா என்று சொல்லும் செவ்வந்தியைப் பற்றியது.

நான் படித்தது ஊடகக் கற்கை, விவசாயம் அல்ல. மீள்குடியேற்றம், காணி விடுவிப்பு, காணாமலாக்கப்பட்டோர் என்று செய்தி சேகரிக்கப் போன வளவுகளில் எல்லாம் இந்தப் பூ நின்றது. கேள்வி கேட்கப் போன இடத்தில் பூவைப் பற்றியும் கேட்டேன். கேட்டவற்றையும், பிறகு தேடிப் படித்தவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

இறந்தோருக்கு வழி காட்டும் பூ

கோயில் மாலையிலும் செத்தவீட்டு மாலையிலும் பார்த்துப் பழகியதால் இது எங்கள் மண்ணின் பழைய பூ என்றுதான் பலரும் நினைக்கிறோம். இல்லை. இதன் தாய்நிலம் மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவும். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அங்கிருந்து விதையைக் கொண்டுபோனார்கள். ஐரோப்பியக் கப்பல்கள் அதை ஆசியாவுக்கும் கொண்டுவந்தன. ஐரோப்பாவில் ஒரு வகைக்கு ஆபிரிக்கச் செவ்வந்தி என்றும் இன்னொன்றுக்குப் பிரெஞ்சுச் செவ்வந்தி என்றும் பெயர் வைத்தார்கள். இரண்டு பெயரும் பிழை, ஆனால் இன்றைக்கும் விதைப் பைகளில் அந்தப் பெயர்கள்தான் அச்சாகின்றன. மிளகாயும் புகையிலையும் வந்த அதே கடல் வழிதான். யாழ்ப்பாணத்துத் தோட்டத்தை இந்த மூன்றும் இல்லாமல் யாரும் நினைத்துப் பார்க்கமாட்டார்கள்.

மெக்சிக்கோவின் பழங்குடிகள் இதை 'இருபது பூ' என்ற பொருளில் அழைத்தார்கள். இருபது என்பது அவர்களுடைய எண் முறையில் நிறைய என்பதற்கு ஈடு. இன்றும் அங்கே ஒவ்வொரு வருடமும் நவம்பர் 1ஆம், 2ஆம் திகதிகளில் இறந்தோர் நாளைக் கொண்டாடுகிறார்கள். செவ்வந்தி இதழ்களைப் பிய்த்து வீட்டு வாசலிலிருந்து உள்ளே படையல் வரை பாதை போடுவார்கள். அந்த நிறத்தையும் மணத்தையும் பிடித்துக்கொண்டு இறந்தவர்கள் வீடு திரும்புவார்கள் என்பது நம்பிக்கை.

அதே மெக்சிக்கோவில் காணாமல் போனோரின் அரச பதிவேடு 2022இல் ஒரு இலட்சத்தைத் தாண்டியது. அங்கேயும் தாய்மார்தான் மண்வெட்டியும் கம்பியும் எடுத்துக்கொண்டு வெளிகளில் தேடித் திரிகிறார்கள். இதைப் படித்தபோது எனக்குக் கிளிநொச்சி மாவட்டத்தில் செவ்வந்தி செய்கிற ஒரு அக்காவின் வீடுதான் ஞாபகத்துக்கு வந்தது. 2009 மே மாதம் வட்டுவாகலில் கணவர் இராணுவத்திடம் சரணடைந்ததை அவர் கண்ணால் பார்த்தவர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கிய நாளிலிருந்து முடிந்தபோதெல்லாம் போய் இருந்தவர். அவருடைய கால் ஏக்கரில் பொங்கலுக்கு முந்திய கிழமை நிற்கும் பூவைப் பார்த்தால் கண் கூசும். ஆனால் வீட்டுச் சுவரில் உள்ள கணவரின் படத்துக்கு ஒரு பூக்கூட வைப்பதில்லை.

"மாலை போட்டா நானே முடிச்சு வைச்ச மாதிரியெல்லோ. ஊருக்கெல்லாம் மாலைக்குப் பூக் குடுக்கிறன், அவருக்கு மட்டும் இல்லை."

இதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. அவர் விதை காயப்போட்டிருந்த சுளகைக் காட்டினார்.

இதழ் என்பது இதழ் அல்ல

அந்தச் சுளகில் இருந்த கதை இது. ஒரு தொண்டு நிறுவனம் வாழ்வாதார உதவியாக அவருக்கு விதைப் பைகளைக் கொடுத்திருந்தது. முதல் வருடம் பூக்கள் பந்து பந்தாய் வந்தன. அவர் நல்ல பூக்களைத் தெரிந்து விதை எடுத்து அடுத்த வருடம் போட்டார். முளைத்தது, வளர்ந்தது, பூத்தது. ஆனால் பாதிச் செடிகள் நெட்டையாகவும் பாதி குட்டையாகவும் நின்றன. பல பூக்கள் ஒற்றை அடுக்கோடு நடுவில் கண் தெரியச் சப்பையாக வந்தன. மாலை கட்டுபவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். மண் பிழைத்துவிட்டது என்று நினைத்து மாட்டெரு வாங்கக் கடன்பட்டார்.

மண்ணில் பிழை இல்லை. அவருக்குக் கொடுக்கப்பட்டது முதல் தலைமுறைக் கலப்பின விதை. இரண்டு வேறுபட்ட பெற்றோர் வரிசைகளைக் கலந்து எடுப்பது அது. முதல் தலைமுறை ஒரே சீராக வரும். அதிலிருந்து எடுத்த விதையில் பெற்றோரின் குணங்கள் பிரிந்து ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு விதமாக வரும். பையில் எப்-1 என்று அச்சடித்திருக்கும். அதற்கு என்ன பொருள் என்று கொடுத்தவர்கள் ஒரு வசனம் சொல்லியிருந்தால் அந்தக் கடன் மிஞ்சியிருக்கும். கோழி, ஆடு, தையல் இயந்திரம், விதைப் பை என்று கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போவதை இத்தனை வருடமாகப் பார்த்த பிறகும் எனக்கு இது பழகவில்லை.

கலப்பினம் கூடாது என்று சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் விதை வாங்க வசதியும், அதற்கேற்ற விலைக்குப் பூவை எடுக்க ஆளும் இருந்தால் அது நல்லது. இல்லையென்றால் நாட்டு வகை, அதாவது தலைமுறையாக விதை எடுத்து வந்த வகை, பாதுகாப்பானது. பூ சற்றுச் சிறிதாக இருக்கலாம், ஆனால் விதை கையில் இருக்கும்.

விதையை எங்கே தேடுவது என்பதற்குப் பூவின் அமைப்பு தெரிய வேண்டும். சூரியகாந்திக் குடும்பத்தின் விசேடம் இது: நாங்கள் ஒரு பூ என்று பார்ப்பது உண்மையில் பல பூக்களின் கூட்டம். ஒவ்வொரு இதழும் ஒரு தனிப் பூ. இதழைப் பிடித்து இழுத்தால் அடியில் ஊசிபோல ஒரு காம்பு வரும். அதுதான் சூலகம், காய்ந்தால் விதை. கறுப்பு உடலும் வெளிர் தலையுமாக, சிறிய தூரிகைபோல இருக்கும். செடியிலேயே பூ நன்றாகக் காய்ந்து பழுப்பான பிறகு எடுக்க வேண்டும். பச்சையாக எடுத்தால் விதை சாவியாகிவிடும். வேறு வகைச் செவ்வந்தி பக்கத்தில் நின்றால் தேனீ இரண்டையும் கலந்துவிடும் என்பதையும் மறக்கக்கூடாது. விதைக்கென்று ஐந்தாறு நல்ல செடிகளைத் தனியாக ஒதுக்கி, சப்பைப் பூ வருகிற செடிகளைக் கண்டவுடன் பிடுங்கிவிடுவது நல்லது.

திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

செவ்வந்தி வளர்ப்பது கடினமல்ல. சரியான நாளில் பூக்க வைப்பதுதான் கடினம். பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் பூக்கிற தோட்டத்தால் வீட்டுக்கு எந்தப் பிரயோசனமும் இல்லை.

நாற்றுமேடையில் விதை நான்கு முதல் ஏழு நாளில் முளைக்கும். மூன்று நான்கு கிழமையில், நாலைந்து இலை வந்ததும் பிடுங்கி நடலாம். நட்டு ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பூக்கத் தொடங்கும். நட்ட ஒரு மாதமளவில் நடுக்குருத்தைக் கிள்ளிவிட வேண்டும். நுனி இருக்கும்வரை பக்கக் கிளைகளை அது அடக்கி வைத்திருக்கும்; கிள்ளினால் கிளைகள் வெடித்துப் பூ பெருகும். ஆனால் பூப்பது ஒரு கிழமை, பத்து நாள் பிந்தும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆகவே ஜனவரி 14ஆம் திகதிப் பொங்கலுக்குப் பூ வேண்டுமென்றால் நவம்பர் முதற் கிழமையில் நடுகை, அதற்கு ஒக்டோபர் முதல் பத்து நாட்களுக்குள் விதைப்பு. மே 18க்கு என்றால் மார்ச் முற்பகுதியில் நடுகை, பெப்ரவரி முற்பகுதியில் விதைப்பு. ஆடி, ஆவணியில் வரும் நல்லூர்த் திருவிழாவுக்கு மே நடுப்பகுதியில் நட்டுவிட வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் நடாமல் பத்து நாள் இடைவெளியில் இரண்டு தடவையாக நடுவது புத்தி. ஒன்று முந்தினாலும் மற்றது பிடிக்கும்.

பொங்கற் பூவில் ஒரு சிக்கல் இருக்கிறது. எங்களுக்கு வருடத்தின் பெருமழை ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை. கன்று நடுகிற மாதம்தான் வெள்ளம் நிற்கிற மாதம். செவ்வந்தி வரட்சியை ஓரளவு தாங்கும், வேரில் தண்ணீர் நின்றால் தாங்காது. 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையில் கரையேறியபோது பல வீடுகளின் பொங்கற் செய்கை ஒரே இரவில் போனது. அதனால் மாரிச் செய்கைக்கு மேட்டுப்பாத்தி கட்டாயம். வாய்க்கால் வெட்டுவதற்குச் சோம்பல்பட்டால் நடவே வேண்டாம். மொட்டு வந்த பிறகு அடைமழை பிடித்தால் பூ அழுகும். அதற்கு மருந்து எதுவும் இல்லை, அழுகிய பூவைக் கிள்ளி எறிந்து காற்றோட்டம் கொடுப்பதுதான் செய்யக்கூடியது. கோடையில் வேறு தொல்லை: இலையின் அடியில் செஞ்சிற்றுண்ணி. இலை தூசு படிந்ததுபோல மங்கி, நூல் படர்ந்தால் அதுதான். ஆரம்பத்திலேயே இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை விசிறி அடித்தால் பெருமளவு அடங்கும்.

கணக்கு ஒன்று சொல்கிறேன். ஒன்றரை அடிக்கு ஒரு கன்று என்று நட்டால், வாய்க்காலும் நடைபாதையும் போக ஒரு பரப்பில் சுமார் 1000 கன்று நிற்கும். ஒரு கிராமில் ஏறத்தாழ 300 விதை. முளைக்காதது, பட்டுப்போவது எல்லாம் சேர்த்தாலும் ஒரு பரப்புக்கு ஐந்து கிராம் போதும். ஒரு பரப்புக்கு ஐம்பது கிராம் வேண்டும் என்று சொல்லி யாராவது விதை விற்றால் வாங்காதீர்கள்.

யூரியாவை அள்ளிக் கொட்டினால் செடி கறுத்துச் செழிக்கும், பூ குறையும். 2021இல் இரசாயன உர இறக்குமதியை அரசு தடுத்தபோது நெல்லும் தேயிலையும் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். அந்தப் போகத்திலும் மக்கிய மாட்டெருவை மட்டும் நம்பி நின்ற பயிர்களில் இது ஒன்று.

வேரின் வேலை

பூவை ஒரு பக்கம் வைத்துவிட்டு வலிகாமம் வடக்குக்கு வருகிறேன். 1990இல் மக்கள் எழுந்து ஓடிய செம்பாட்டுக் காணிகள். 2015க்குப் பிறகு துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டு வருகின்றன. இன்னும் முழுவதும் விடுபடவில்லை. அங்கே ஒரு ஐயா சொன்னார்: "காணி திரும்பக் கிடைச்சதெண்டு எழுதுறியள் தம்பி. காணிதான் கிடைச்சது, தோட்டம் கிடைக்கேல்லை. தோட்டத்தை நாங்கள்தான் திரும்பச் செய்யவேணும்."

பற்றை வெட்டி, அத்திவாரக் கல் பொறுக்கி, கிணறு இறைத்து, அவர் முதலில் போட்டது கத்தரி. இரண்டாம் வருடம் அதே இடத்தில் தக்காளி. மூன்றாம் வருடம் செடிகள் பகலில் வாடி இரவில் எழும்பின. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் மணிமணியாய் முடிச்சு. இது வேர்முடிச்சுப் புழு. நெமற்றோடா என்ற வட்டப்புழு வகையைச் சேர்ந்தது, குஞ்சுப் புழு கண்ணுக்குத் தெரியாது. வேரின் நுனியால் உள்ளே போய் ஓரிடத்தில் தங்கி, சுற்றியிருக்கும் கலங்களை வீங்கச் செய்து உணவை உறிஞ்சும். கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டி, புகையிலை, பாகல் என்று நாங்கள் விரும்பிச் செய்யும் எல்லாமே அதற்கும் விருப்பம்.

வழக்கமான வைத்தியம் குருணை நஞ்சைப் பாத்தியில் தூவுவது. ஆனால் யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் குடிக்கவும் இறைக்கவும். தோட்டத்தில் போடுவது கிணற்றுக்குப் போகும். உலக சுகாதார நிறுவனம் வைத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற நைத்திரேற்று எல்லையை வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பல தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. உரத்துக்கே இப்படி என்றால் நஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கேதான் செவ்வந்தி வேர் வருகிறது. அதில் அல்பா தேர்த்தியனைல் என்ற பொருள் இருக்கிறது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1958இல் செவ்வந்தி வேரிலிருந்து அதைப் பிரித்து, அது நெமற்றோடாவைக் கொல்லும் என்று காட்டினார்கள். புழு வழக்கம்போல வேருக்குள் போகும்; ஆனால் அங்கே வளர்ந்து முட்டையிட முடியாமல் அழியும். மண்ணில் அடுத்த தலைமுறை குறைந்துபோகும்.

இதைப் பற்றி முகநூலில் வருகிற ஆலோசனைகளில் பாதி அரைகுறை. வேலியோரம் ஒரு வரிசை செவ்வந்தி வைத்தால் தோட்டம் முழுவதும் காப்பாற்றப்படும் என்பது அவற்றில் ஒன்று. அப்படி நடக்காது. உயிரோடு இருக்கும் வேர் எட்டுகிற இடத்தில்தான் இந்த வேலை நடக்கும். ஆகவே புழு உள்ள துண்டு முழுவதிலும், பூவுக்கு நடுவதைவிட நெருக்கமாக, இரண்டு மூன்று மாதம் செவ்வந்தி மட்டும் நிற்க வேண்டும். அதற்குப் பிறகு காய்கறி. இலையை வெட்டி மண்ணில் தாட்டால் அதே பலன் கிடைக்கும் என்பதும் சரியல்ல. அது நல்ல பசளை, அவ்வளவுதான். இடையில் களை பிடுங்காவிட்டால் புழு களையில் தங்கி உயிர் பிழைக்கும். எல்லா இனப் புழுவுக்கும் ஒரே அளவில் இது வேலை செய்வதும் இல்லை. ஒருமுறை செய்துவிட்டுத் திரும்பத் திரும்பக் கத்தரி போட்டால் ஒன்றிரண்டு போகத்தில் புழு மீண்டும் பெருகிவிடும். பயிர் மாற்றத்தின் ஒரு படியாக வைத்துக்கொண்டால் மட்டும் பயன்.

ஐயா அந்த இரண்டு பரப்பைச் செவ்வந்திக்கு விட்டார். பூவையும் விற்றார் என்பதுதான் இதில் நல்ல செய்தி. மற்றக் காணியில் தக்காளிக்கு நடுவே 16 வரிசைக்கு ஒரு வரிசை செவ்வந்தி வைத்திருக்கிறார். இது இந்தியாவில் பரிந்துரைக்கப்படும் முறை. காய்துளைப்பான் அந்து முட்டையிடத் தக்காளியைவிடச் செவ்வந்தி மொட்டை விரும்பும். தக்காளி பூக்கும்போது செவ்வந்தியும் பூக்க வேண்டும் என்பதால் 45 நாள் செவ்வந்திக் கன்றையும் 25 நாள் தக்காளிக் கன்றையும் சேர்த்து நடுவார்கள்.

இந்த இடத்தில் அதன் ஒன்றுவிட்ட சகோதரத்தையும் சொல்ல வேண்டும். பார்த்தீனியமும் சூரியகாந்திக் குடும்பம், அதுவும் மெக்சிக்கோ வளைகுடாப் பக்கத்தைச் சேர்ந்தது. 1980களின் பிற்பகுதியில் இந்திய இராணுவம் கொண்டுவந்த ஆடுகளோடு வந்தது என்பது ஊரில் பரவலான கருத்து. பிள்ளைகளுக்கு மூச்சுமுட்டும், தோல் எரியும். வெள்ளைப் பூ வருவதற்கு முன், செவ்வந்தி நாற்றுப்போல இலை வெட்டுப்பட்டுத் தெரியும் பருவத்திலேயே, கையுறை போட்டுப் பிடுங்கிவிடுங்கள். கசக்கி மணந்து பார்த்து அடையாளம் காண முயல வேண்டாம்.

யார் வாங்குவார்கள்?

விதைப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. செவ்வந்தி பறித்து இரண்டு மூன்று நாளைக்கு மேல் நிற்காது. நெல்லைப்போல மூட்டை கட்டி விலை ஏறும்வரை வைத்திருக்க முடியாது. ஊரில் பத்துப் பேருக்கு ஒரே திட்டத்தில் ஒரே நாளில் விதை கொடுத்தால் பத்துப் பேருக்கும் ஒரே நாளில் பூக்கும். சந்தையில் அன்றைக்கு விலை விழும். நுண்கடன் எடுத்துப் பூச்செய்கை தொடங்குவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். கடன்காரன் கிழமைக்குக் கிழமை வருவான், பூ அப்படி வராது.

கிளிநொச்சி அக்கா செய்திருப்பது எளிமையானது. இரண்டு கோயில்களோடும் ஒரு மாலை கட்டுபவரோடும் முதலே பேசி, எந்தத் திகதிக்கு எவ்வளவு என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். அதற்கு ஏற்பவே விதைக்கிறார். காலையில் பனி உலர்ந்ததும் காம்போடு பறித்து, ஈரச் சாக்கால் மூடி, முதல் பஸ்ஸில் அனுப்புகிறார். மிஞ்சும் பூவின் இதழைக் காயவைத்துக் கோழித் தீனியில் கலக்கிறார். அதிலுள்ள லூட்டின் என்ற நிறப்பொருள் மஞ்சட்கருவைச் சிவக்க வைக்கும். கோழித்தீனித் தொழிற்சாலைகளுக்காகவே இந்தியாவிலும் சீனாவிலும் செவ்வந்தி பெருமளவில் செய்யப்படுகிறது.

இந்த வருடம் அவர் கலப்பின விதை வாங்கவில்லை. பக்கத்து ஊரில் ஒரு அம்மா இடப்பெயர்வுகளுக்குள்ளும் விட்டுவிடாமல் வைத்திருந்த நாட்டு வகையில் ஒரு பிடி கேட்டு வாங்கி, பேப்பரில் சுற்றி, அடுப்படிக்கு மேலே தட்டில் வைத்திருக்கிறார். ஒக்டோபர் பிறந்ததும் நாற்றுமேடைக்குப் போகும்.